ஏடும் திரையும்: கையடக்கக் கருவியில் நூல் வாசித்தற்குரிய செயலியைத் தேர்தல்

தோற்றுவாய்

மாத்தளை நகரினின்றும் யாழ்ப்பாண நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கி ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் செல்வோர், பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும் ஓரிடத்தைக் காண்பர். அதுவே அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் இதுவென்பது மரபு. அக்காலத்தில் படையெடுப்பும் பெரும்பஞ்சமும் நாட்டை வருத்தின. மறைநூலை மனத்திற் சுமந்திருந்த துறவியர் பலர் மாண்டனர். எஞ்சியோரும் மறைவரேல் நூலும் உடன்மறையும் என்ற அச்சமே அவர்களை எழுத்தாணி எடுக்கச் செய்தது.

எழுதத் துணிந்தோர்க்குக் கல்லும் கிட்டாததன்று. மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளையிலே, குகைகளின் நீர்வடி விளிம்பின் கீழ்ப் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் சீகிரியாவின் கண்ணாடிச் சுவரிலே, மலையேறி வந்தோர் தம் உள்ளத்து உவகையைப் பாடல்களாகக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களைப் பேராசிரியர் செனரத் பரணவிதான 1956ஆம் ஆண்டிற் பதிப்பித்தார். கல்லும் சுவரும் நெடுங்காலம் நிற்பன. ஆயினும் நின்ற இடத்தினின்றும் பெயரா. வாசிக்க விரும்புவோனே அவற்றை நாடிச் செல்லுதல் வேண்டும். ஏடோ வாசிப்போனை நாடிச் செல்வது; தோளிற் சுமக்கத் தக்கது; ஒருவர் கையினின்றும் பிறிதொருவர் கைக்கு மாறுவது; படியெடுத்தற்கு எளியது. உறுதியிற் குறைந்ததாயினும் இலேசான ஒன்றே நூலைக் காத்தற்குரியதென அன்று தெரிந்தெடுக்கப்பட்டது.

இன்று மாணவர் கையிலுள்ள கையடக்கத் தொலைபேசி, அந்த ஏட்டின் வழித்தோன்றல் எனலாம். அதில் நூல்களைத் திறந்து காட்டும் மென்பொருளே வாசிப்புச் செயலி. செயலிகள் நூற்றுக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் எது இலேசானது, எது தமிழ் நூலைப் பிழையறக் காட்டுவது, எது வாசிப்போனின் நூலை வாசிப்போனிடமே விட்டுவைப்பது என்பனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தேர்வின் இன்றியமையாமை

செயலியைத் தேர்தல் சிறு செய்தியே எனச் சிலர் கருதலாம். மாத்தளை மாவட்டத்தின் நிலையை நோக்கின் அவ்வாறு தோன்றாது. இரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளை முதலிய பகுதிகளின் தோட்டங்களில் வாழும் மாணவர் பலர்க்கு வீட்டில் உள்ள ஒரே நூலகம் குடும்பத்தாரின் கையடக்கத் தொலைபேசியே. 2020ஆம் ஆண்டிற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடக் குறிப்புகள் தொலைபேசி வாயிலாகவே அனுப்பப்பட்டன. மலையகத்தில் அலைவரிசை கிட்டாத இடங்களில் வாழ்ந்த மாணவர் மேட்டுநிலங்களைத் தேடிச் சென்று அவற்றைப் பெற்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அச்சுத்தாளுக்கே பஞ்சம் ஏற்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மேல் மாகாணத்திற் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளும் தாளின்மையாற் பிற்போடப்பட்டன. தாள் அரிதாகும் காலத்திலே திரையே தாளாகின்றது.

திரையில் வாசித்தற்குரிய தமிழ் நூல்களும் இன்று மிகப் பல. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களை இணையத்தில் வைத்துள்ளது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளிற் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி வழங்குகின்றது. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், செய்தித்தாள்கள், மலர்கள் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேமித்து வருகின்றது. மாத்தளை என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட சோமு, வடிவேலன், கார்த்திகேசு முதலிய மலையக எழுத்தாளரின் நூல்களது பழைய பதிப்புகள் கடையில் எளிதிற் கிட்டுவன அல்ல. இத்தகைய நூல்களைத் தேடும் மாணவன் இறுதியில் வந்து சேருமிடம் ஒரு மின்கோப்பாகவே இருக்கும். அக்கோப்பைத் திறக்கும் செயலி தடுமாறுமாயின், நூல் கையில் இருந்தும் இல்லாததாகும்.

ஆவண வகை மூன்று

செயலியைத் தேருமுன் வாசிக்கப்படும் ஆவணத்தின் இயல்பை அறிதல் வேண்டும். வெளித்தோற்றத்தில் எல்லாம் மின்னூலே. உள்ளமைப்பில் அவை மூவகைப்படும்.

முதலாவது, படிம ஆவணம். அச்சு நூலின் ஒவ்வொரு பக்கமும் வருடி எனும் கருவியாற் படமெடுக்கப்பட்டு, அப்படங்கள் ஒரே கோப்பாகத் தொகுக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு எழுத்தாகத் தோன்றுவது கணினிக்குப் புள்ளிகளின் கூட்டமே. ஆகவே அதிற் சொல்லைத் தேடுதலும் எழுத்தைப் பெரிதாக்கி வரிகளை மாற்றி அடுக்குதலும் இயல்பாக இயலா. பழைய நூல்கள் பெரும்பாலும் இவ்வகையின.

இரண்டாவது, நிலைப்பக்க ஆவணம். பீடிஎஃப் என்னும் வடிவம் இதற்கு உரியது. அடோபி நிறுவனம் 1993ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. 2008ஆம் ஆண்டில் இது பன்னாட்டுத் தர நிறுவனத்தின் பொதுத்தரமாக ஏற்கப்பட்டது. இதில் ஒவ்வோர் எழுத்தும் பக்கத்தின் எவ்விடத்தில் நிற்றல் வேண்டுமென்பது வரையறுக்கப்பட்டிருக்கும். கணித வாய்பாடும் அட்டவணையும் குலையாமைக்கு இது நன்று. சிறிய திரைக்கு ஏற்பப் பக்கத்தை மாற்றியமைத்தற்கு இது தடை. முன்னர்க் கூறிய படிமங்களும் பெரும்பாலும் பீடிஎஃப் என்னும் உறையிலேயே இடப்படுவதால், ஒரே பெயருள் இருவேறு பொருள்கள் உறைவதை மறத்தலாகாது.

மூன்றாவது, நெகிழ் ஆவணம். 2007ஆம் ஆண்டில் தரமாக்கப்பட்ட ஈபப் என்னும் வடிவம் இவ்வகையில் முதன்மையானது. இதில் எழுத்தோட்டம் மட்டுமே உண்டு, பக்கம் இல்லை. திரையின் அகலத்திற்கும் வாசிப்போன் விரும்பும் எழுத்தளவிற்கும் ஏற்பச் செயலியே வரிகளை அமைத்துக்கொள்ளும். நாவலும் கட்டுரையும் படித்தற்கு இதனின் எளியது பிறிதில்லை. கோப்பின் அளவும் மிகச் சிறிது.

ஒரு செயலி மூவகையையும் ஒருங்கே சிறப்பாகக் கையாளுதல் அரிது. எனவே 'எந்தச் செயலி சிறந்தது' என்று வினவுமுன், 'எந்த ஆவணத்திற்கு' என்று வினவுதல் முறை.

எடையின் இலக்கணம்

இலேசான செயலி என்பதற்கு, நிறுவுங்கால் சேமிப்பகத்திற் குறைந்த இடம் கொள்வது என்பதே பலரும் கொள்ளும் பொருள். இஃது ஓரளவே உண்மை. செயலியின் எடை மூவிடத்துப் புலப்படும்: சேமிப்பகத்தில், செயல் நினைவகத்தில், இணையச் செலவில்.

சேமிப்பக எடை எளிதிற் காணத்தக்கது. படிவம் நிரப்புதல், கையொப்பமிடுதல், வலைவழிச் சேமித்தல், உரையாடி விடை கூறுதல் எனப் பல தொழில்களையும் ஏற்ற செயலி பருத்திருக்கும். வாசித்தலொன்றையே ஏற்றது மெலிந்திருக்கும். பருத்த செயலி அடிக்கடி புதுப்பித்தலையும் கேட்கும். அதற்காகும் தரவுச் செலவு மூன்றாவது எடையாகிய இணையச் செலவிற் சேரும்.

செயல் நினைவகத்தின் எடையோ மறைந்து நிற்பது. பழைய தொலைபேசிகள் நூலைத் திறந்தவுடன் திணறுதற்குப் பெரும்பாலும் இதுவே ஏது. ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வருடினால், அகலத்தில் 2,480 புள்ளியும் உயரத்தில் 3,508 புள்ளியுமாக ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் அமையும். கோப்பிற் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும்போது அப்பக்கம் 50 கிலோபைற் அளவினதாகவும் இருக்கலாம். அதனைத் திரையிற் காட்டுதற்கு விரிக்குங்கால், புள்ளியொன்றுக்கு நான்கு பைற் எனக் கொள்ளின், ஏறத்தாழ 35 மெகாபைற் நினைவகம் வேண்டும். அடுத்த பக்கங்கள் இரண்டையும் முன்கூட்டியே விரித்து வைக்கும் செயலி 105 மெகாபைற் கொள்ளும்.

செம்மையாக எழுதப்பட்ட செயலியோ திரை கொள்ளும் அளவிற்கே பக்கத்தை வரைந்து வைத்துக்கொள்ளும். திரையில் 720க்கு 1,600 என்ற அளவில் ஏறத்தாழ 11.5 இலட்சம் புள்ளிகளே உள, அவற்றுக்கு 4.6 மெகாபைற் போதும். வாசிப்போன் ஓரிடத்தைப் பெரிதாக்கி நோக்கும்போது அவ்விடத்தை மட்டும் மீண்டும் வரைந்து காட்டும். ஆகவே நிறுவற் கோப்புச் சிறிதாயிருந்தும் நூலைத் திறந்தபின் திணறும் செயலி இலேசானதன்று. ஏட்டுக்கட்டு முழுவதையும் அவிழ்த்துப் பரப்பாது, வேண்டும் ஏட்டை மட்டும் கயிற்றில் தள்ளி வாசித்த பழையோர் வழக்கமும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

தமிழெழுத்தும் கருவியும்

நூலைத் தாங்கும் பொருள், நூலின் எழுத்தையும் தன் வழிக்கு இழுக்கும். ஓலையில் எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை பொத்தலாகும் என்பதனால், ஏடெழுதியோர் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடாதே எழுதினர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபாடின்றி நின்றன. இவ்வேறுபாட்டைக் காட்டும் இன்றைய வடிவங்கள் வீரமாமுனிவர் (1680–1747) செய்த சீர்திருத்தத்தின் பயன் என்பர். சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர் ஏட்டினின்றும் அச்சிற்கு நூல்களைக் கொணர்ந்தபோது பட்ட அல்லலுட் பாதி, புள்ளியற்ற எழுத்தைச் சொல்லாகப் பிரித்தறிந்த அல்லலே.

திரையும் தமிழெழுத்திற்கு இத்தகைய இடர்களைத் தந்தது. ஒருங்குறி என்னும் பொதுக் குறியேற்றம் 1991ஆம் ஆண்டிற் தமிழுக்கு இடமளித்தது. அதில் 'கெ' என்னும் எழுத்தைச் சேமிக்குங்கால் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே குறிக்கப்படும். திரையிற் காட்டுங்கால் கொம்பை முன்னே கொணர்தல் செயலியின் கடன். 'கொ' என்பதிற் கொம்பையும் காலையும் இருபுறமும் பிரித்து நிறுத்துதல் வேண்டும். இவ்வேலையைச் செவ்வனே செய்யாத செயலியிற் கொம்பு எழுத்தின் பின்னே தொங்கும். அல்லது புள்ளி வட்டமொன்றின் மேல் தனித்து நிற்கும். நெகிழ் ஆவணத்திலேயே இக்குறை தோன்றும். பீடிஎஃபில் எழுத்தின் உருவம் முன்னரே அமைக்கப்பட்டிருத்தலின் அங்கே இது தோன்றுவதில்லை.

பீடிஎஃபிலும் வேறோர் இடர் உண்டு. இலங்கையில் வெளிவந்த தமிழ் ஆவணங்கள் பல பாமினி என்னும் எழுத்துருவினால் அமைக்கப்பட்டவை. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்டது அவ்வெழுத்துரு. அதனால் ஆன ஆவணத்திற் 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்குச் செவ்வையாகத் தோன்றும்; கோப்பின் உள்ளே இருப்பனவோ ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. மாணவன் தேடற்பெட்டியிற் தமிழ் என்று எழுதித் தேடினால், பக்கம் முழுவதும் அச்சொல் நிறைந்திருந்தும் ஒன்றும் இல்லையென விடை வரும். இது செயலியின் குறையன்று. ஆவணத்தின் பிறவிக் குறை. செயலியை மாற்றிக்கொண்டே இருத்தலால் இது தீராது. காரணம் அறியாதார் நல்ல செயலியையும் பழித்து நீக்குவர்.

திரையளவும் எழுத்தளவும்

கையடக்கக் கருவியில் நூல் வாசிப்போர் கூறும் முறைப்பாடுகளுள் முதன்மையானது எழுத்துச் சிறிதென்பது. இதற்கும் கணக்கு உண்டு. ஆறரை அங்குலத் திரையுடைய தொலைபேசியின் திரை அகலம் ஏறத்தாழ 68 மில்லிமீற்றர். உயரம் 150 மில்லிமீற்றர். ஏ4 பக்கத்தின் அகலம் 210 மில்லிமீற்றர். அப்பக்கம் திரையகலத்துள் அடங்குங்கால் மூன்றிலொரு பங்காகச் சுருங்கும். 12 புள்ளி அளவில் அச்சிட்ட எழுத்து 4 புள்ளி அளவாகும். அதனை வாசித்தல் கண்ணுக்குத் தீங்கு.

டெமி எட்டில் ஒன்று என்னும் அளவிலான பழைய தமிழ் நூலின் பக்க அகலம் ஏறத்தாழ 140 மில்லிமீற்றர். அதன் 10 புள்ளி எழுத்து திரையில் 5 புள்ளி அளவாகும். நூலின் வெற்றோரங்களை நீக்கின், எழுத்துப் பகுதியின் அகலம் 105 மில்லிமீற்றர் அளவே எஞ்சும், எழுத்து 6.5 புள்ளி ஆகும். அந்நிலையிற் கருவியைக் குறுக்காகத் திருப்பின், 105 மில்லிமீற்றர் எழுத்துப் பகுதி 150 மில்லிமீற்றர் அகலத்திற் பரவும். எழுத்து 14 புள்ளி அளவாக, அச்சு நூலினும் பெரிதாகத் தோன்றும். நீண்டும் குறுகியும் குறுக்கே பிடித்து வாசிக்கப்படும் இவ்வடிவம் ஓலையேட்டின் வடிவமே.

ஆகவே படிம நூல்களை வாசிப்போர் செயலியில் நாடவேண்டிய முதல் வசதி வெற்றோரம் நீக்குதல்; இரண்டாவது, குறுக்கு நிலையில் அரைப்பக்கம் அரைப்பக்கமாக முறையே நகருதல்; மூன்றாவது, விட்ட பக்கத்தை நினைவில் வைத்திருத்தல். இம்மூன்றும் இல்லாத செயலி வேறு எத்துணை அணிகளை உடையதாயினும் நூல் வாசித்தற்குப் பயன்படாது. இரவில் வாசிப்போர்க்குக் கரும்பின்னணி ஒரு வசதி. தனித்தனி ஒளிரும் புள்ளிகளால் ஆன ஓலெட் வகைத் திரைகளில் அது மின்கலச் செலவையும் குறைக்கும். பின்னொளி கொண்ட எல்சிடி வகைத் திரைகளில் அப்பயன் இல்லை.

செயலிகள் சில

இவ்விலக்கணங்களை வைத்துக்கொண்டு நடைமுறையிலுள்ள செயலிகளுட் சிலவற்றை நோக்கலாம்.

அடோபி அக்ரோபாற் வாசிப்பி, பீடிஎஃப் வடிவத்தை ஆக்கிய நிறுவனத்தினது. படிவங்களை நிரப்புதற்கும் குறிப்பெழுதுதற்கும் சிறந்தது. வாசித்தலொன்றே வேண்டுவோர்க்கு அதன் வசதிகள் மிகை. பழைய கருவிக்கு அதன் பருமனும் மிகை.

மியூபிடிஎஃப் என்பது மெலிந்த செயலிக்குத் தக்க எடுத்துக்காட்டு. பீடிஎஃப், ஈபப் ஆகிய இரண்டையும் திறக்கும், அணிகள் மிகக் குறைவு, விரைவு மிகுதி. இதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. பாடசாலைகளின் பழைய விண்டோஸ் கணினிகளுக்கு ஏற்ற சுமத்திரா என்னும் மெலிந்த வாசிப்பியும் இதே பொறியின்மேல் அமைந்ததே.

கேஓரீடர் என்பது படிம நூல்களை மிகுதியாக வாசிப்போர்க்கு உரியது. வெற்றோரத்தைத் தானே கண்டு நீக்கும். படிமமாயுள்ள வரிகளையும் வெட்டியடுக்கித் திரைக்கேற்ப அமைக்க முயலும். பழைய வருடல்களில் வழங்கிய தேஜாவூ என்னும் வடிவத்தையும் திறக்கும். மின்மைத் திரையுடைய வாசிப்புக் கருவிகள் பலவற்றிலும் ஆண்ட்ராய்ட் கருவிகளிலும் இயங்கும். இதுவும் திறந்த மூலநிரலுடையது, விளம்பரமற்றது. பட்டியல்கள் பலவாதலின் பழகுதற்குச் சிலநாள் ஆகும் என்பதே குறை.

இவையன்றி, தொலைபேசியோடு வரும் கோப்பு மேலாளியும் கூகிள் டிரைவும் பீடிஎஃபைத் திறந்து காட்டும். ஒரு கடிதத்தையோ சுற்றறிக்கையையோ நோக்குதற்கு அவை போதும். முந்நூறு பக்க நூலை நாள்தோறும் தொடர்ந்து வாசித்தற்கு அவை அமையா.

நூல் யாருடையது?

இறுதியாக ஆராயவேண்டியது வாசிப்போனின் உரிமை. வாசிப்புச் செயலிக்கு வேண்டுவது நூற்கோப்பைத் திறக்கும் அனுமதி மட்டுமே. தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் ஒலிவாங்கியையும் நாடும் செயலி, வாசித்தலுக்குப் புறம்பான நோக்கமுடையது என ஐயுறுதல் தகும். பக்கந்தோறும் விளம்பரம் காட்டுவது, கவனத்தோடு தரவையும் உண்ணும்.

இதனினும் கருதத்தக்கது ஒன்று உண்டு. சில செயலிகள் நூலைத் தம் களஞ்சியத்துள் ஏற்றுக்கொண்டபின், கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் இன்றித் திறக்க விடா. கணக்கு இழப்பினும் நிறுவனம் தன் பணியை நிறுத்தினும் நூலும் குறிப்பும் ஒருங்கே மறையும். இதன் தீமையை இலங்கையர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயப் படை அடக்கியபோது அலுவிகாரையின் ஏட்டுச் சேமிப்பு அழிந்தது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அலுவிகாரையின் ஏடுகள் அழிந்தும் திரிபிடகம் அழியவில்லை. அதன் படிகள் பலநாட்டு விகாரைகளிற் பரவியிருந்தன. யாழ்ப்பாணத்தில் வேறு படி இல்லாதிருந்த சுவடிகளோ மீளவில்லை. ஒரே கதவின் பின் ஒரே படியாக இருக்கும் நூல், அது கற்கதவாயினும் கடவுச்சொற் கதவாயினும், காப்புடையதன்று.

எனவே நூற்கோப்பு வாசிப்போனின் சேமிப்பகத்தில், அவனறிந்த அடைவிலே, எந்தச் செயலியாலும் திறக்கத்தக்க பொதுவடிவில் இருத்தல் வேண்டும். பதிப்புரிமை இசையும் அளவில் அதனை நண்பர்க்கும் பாடசாலை நூலகத்திற்கும் படியெடுத்துக் கொடுக்கவும் இயலுதல் வேண்டும்.

தேர்வு முறை

மேற்கூறியவற்றைக் கொண்டு, எவரும் தம் கருவியிலேயே ஒரு செயலியைக் கால்மணி நேரத்திற் சோதித்தறியலாம்.

முதலாவதாக, கருவியின் இணையத் தொடர்பு முழுவதையும் துண்டித்து, செயலியைத் திறத்தல் வேண்டும். கணக்குக் கேட்டோ இணையம் கேட்டோ நின்றுவிடுமாயின் அது மலைத்தோட்டத்து மாணவர்க்கு உதவாது.

இரண்டாவதாக, கையிலுள்ள படிம நூல்களுள் மிகப் பெரியதைத் திறந்து, நடுப்பக்கத்திற்குத் தாவி, பத்துப் பக்கங்களை விரைந்து புரட்டுதல் வேண்டும். நினைவக எடை உடனே வெளிப்படும்.

மூன்றாவதாக, கொடை, கௌரி, ஸ்ரீ, வேய்ங்குழல் முதலிய சொற்களுள்ள ஈபப் நூலொன்றைத் திறந்து எழுத்து வடிவங்களை நோக்குதல் வேண்டும். ஒருங்குறியில் அமைந்த ஆவணத்திற் தமிழ்ச் சொல்லொன்றைத் தேடியும் பார்த்தல் வேண்டும்.

நான்காவதாக, வெற்றோரம் நீக்கிக் குறுக்கு நிலையில் ஒரு பக்கத்தை முழுமையாக வாசித்து, செயலியை மூடி மீண்டும் திறந்து, விட்ட இடத்திலே திறக்கின்றதா என நோக்குதல் வேண்டும்.

ஐந்தாவதாக, அதே கோப்பைப் பிறிதொரு செயலியால் திறந்து காணுதல் வேண்டும். அவ்வாறு திறக்குமாயின் நூல் வாசிப்போனுடையது, திறவாதாயின் செயலியினுடையது.

பாடநூலும் சிறு கோப்புகளும் வாசிப்போர்க்கு மியூபிடிஎஃப் போன்ற மெலிந்த செயலியொன்றே போதும். பழைய நூல்களின் படிமங்களை ஆராய்வோர் கேஓரீடர் போன்ற ஒன்றைப் பழகுதல் நன்று. இரண்டையும் வைத்திருப்பினும் இடம் மிகுதியாகக் கொள்ளா.

முடிவுரை

செயலிகள் நிலையானவை அல்ல. இன்று பெயர் சுட்டப்பட்டவை நாளை வழக்கொழியலாம்; புதியன தோன்றலாம். சுமை குறைதல், எழுத்துப் பிறழாமை, நூல் வாசிப்போன் கையில் நிற்றல் என்னும் மூன்று அளவுகோல்கள் அப்போதும் பயன்படும். மாத்தளையின் பாறைகளிடையே அமர்ந்து ஏடெழுதியோர் தம் எழுத்தாணிகளின் பெயரை விட்டுச் செல்லவில்லை. படியெடுக்கத்தக்க நூலை விட்டுச் சென்றனர். திரையில் வாசிக்கும் மாணவனும் தன் கருவியை மாற்றும் நாளிற் பழைய செயலியை நீக்கிவிடலாம். நூற்கோப்பை மட்டும் புதிய கருவிக்கும் பிறிதோரிடத்திற்கும் படியெடுத்து வைத்தல் அவன் கடன்.